பாறை ஏறும் வண்டிக்கு ஒரு வேலி வேண்டும்

பாறை ஏறும் ஜீப் என்றாலே வேகப் பைத்தியங்களின் சமாச்சாரம் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. பெரிய டயரைப் பார்த்ததும் அப்படித் தோன்றிவிடுகிறது. உண்மையில் ரோடு ரோலருக்கு அடுத்தபடி மெதுவாக ஓடுவது இந்த வண்டிதான். வெற்றிலை மென்றுகொண்டே நடக்கிற பெரியவர்கூட இதை முந்திப் போய்விடுவார்.

நான் கோவை கணபதியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். டிராக்டர் டிரெய்லர், லாரி சேசிஸ், கேட், கிரில் எல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா மகனோடு சேர்ந்து ஒரு பழைய சிஜே3பி ஜீப்பைப் பிரித்துப் பாறை ஏறும் வண்டியாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இப்படிப்பட்ட வண்டிகளைச் செய்யவே விடக்கூடாது என்று ஒரு கூட்டம், ஆற்றிலும் காட்டிலும் இஷ்டத்துக்கு ஓட்டுவோம் என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேரும் தப்பான இடத்தில் கை வைக்கிறார்கள். செய்ய விடுங்கள், ஓட்டும் இடத்தைக் கட்டுப்படுத்துங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் வண்டி. சிஜே3பி என்பது வில்லிஸ் கம்பெனியின் வடிவமைப்பு. மகிந்திரா இங்கே பல வருடம் தயாரித்து விற்றது. அதன் முதல் கியர் 2.798, ஃபோர்வீல் பெட்டியின் லோ 2.46, கிரவுன் பினியன் 5.38. மூன்றையும் பெருக்கினால் சுமார் 37. அதாவது எஞ்சின் 37 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. ஆக்சிலரேட்டரைத் தொடாமல், ஐடிலில் எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். சக்கரம் 19 சுற்று. பழைய டயருக்கு அது மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் சொச்சம். அதிலேயே 35 அங்குல டயரைப் போட்டால் ஒரு சுற்றுக்கு வண்டி போகும் தூரம் கூடி, மூன்று கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பாறைக்கு இது அதிகம். அதனால் கியர் பெட்டிக்குப் பின்னால் அதே அளவு குறைக்கிற இன்னொரு பெட்டியைச் சேர்க்கிறோம். 37 என்பது 91 ஆகிறது, வேகம் ஒன்றரை கிலோமீட்டருக்கும் கீழே இறங்குகிறது. குதிரைசக்தியைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. பெரிய எஞ்சின் வாங்கக் காசு சேர்க்கும் பையன்களிடம் நான் சொல்வது, அந்தக் காசில் பல்சக்கரம் வாங்கு என்பதுதான்.

அடுத்தது டிஃபரென்ஷியல். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓட வேண்டும். அதற்காகத்தான் அந்தச் சின்னப் பல்சக்கரங்களை உள்ளே வைத்திருக்கிறார்கள். பாறையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் இதே ஏற்பாடு எதிரியாகிவிடும். அந்தரத்தில் இருக்கிற சக்கரம் சும்மா சுழலும், தரையைப் பிடித்திருக்கிற சக்கரம் அசையாமல் நிற்கும். ஆகவே இரண்டு பக்கமும் ஒன்றாகச் சுற்றும்படி அதை லாக் செய்கிறோம். டயரில் காற்றைப் பத்து பவுண்டுக்கு இறக்கினால் ரப்பர் பாறையின் மேடுபள்ளத்தில் அப்பிக்கொண்டு பிடிக்கும். இந்த இரண்டும் செய்த வண்டி, சைலன்ஸர் முழங்க வருகிற எந்தப் புது ஜீப்பும் போக முடியாத இடத்தில் சத்தமில்லாமல் ஏறும்.

அதே வண்டியைத் தார்ச்சாலையில் ஓட்டிப் பாருங்கள். லாக் செய்த டிஃபரென்ஷியல் வளைவில் திரும்ப மறுத்து நேராகத் தள்ளும், டயர் கீச்சிடும். உயரம் கூட்டியிருப்பதால் அவசரத்துக்கு ஒடித்தால் சாயும். காற்றில்லாத டயர் வேகத்தில் சூடாகி ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். பாறைக்கு நல்லதாகச் செய்த ஒவ்வொன்றும் சாலைக்குக் கெடுதல். அதனால்தான் வண்டியை மாற்றுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவோடு எனக்குச் சண்டை இல்லை. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சொன்னது. அதே வருடத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எங்கள் ஜீப்பில் எத்தனை மாற்றம் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஆனால் பொதுச் சாலைக்கு இந்தச் சட்டம் சரி. பாறையையே பார்க்காத ஜீப்பில் பத்து விளக்குகளை மாட்டிக்கொண்டு எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கடுமையாகவே இருக்கலாம்.

கேள்வி சாலைக்கு வராத வண்டியைப் பற்றியது. சேசிஸும் பைப் கூண்டும் மட்டும் முடிந்திருந்த நிலையில் எங்கள் ஜீப்பை லாரியில் ஏற்றி லேத் வேலைக்குக் கொண்டுபோனபோது ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள்.

“என்னய்யா இது, நம்பர் பிளேட்டைக் காணோம்?”

“இது ரோட்டுல ஓடாதுங்க சார். எங்க போனாலும் லாரி மேலதானுங்க போகும்.”

“ரோட்டுல ஓடாத வண்டிய எதுக்குய்யா செய்யறீங்க?”

அக்கா மகன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, “மாமா, நீங்க பேசாதீங்க, நான் சொல்றேன்” என்று கியர் கணக்கை ஆரம்பித்துவிட்டான். அந்த அதிகாரி பாதி கேட்டுவிட்டு, போங்கப்பா என்று கையைக் காட்டினார். நல்ல மனுஷர். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதற்குப் பதில் இந்த ஊரிலேயே இருக்கிறது. 1980களின் கடைசியில் எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கோவையில் கட்டினார். அவையும் ரோட்டில் ஓடுகிற வண்டிகள் இல்லை. பந்தயத் தடத்துக்கு மட்டுமானவை. ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் பந்தயத்தைத் தொடங்கியது அந்த ஃபார்முலா மாருதியில்தான். செட்டிப்பாளையம் பந்தயத் தடத்துக்குக் கரிவரதன் பெயரையே வைத்திருக்கிறோம். வேகமாக ஓடும் வண்டிக்கு வேலி போட்ட இடம் கொடுத்த ஊர், மெதுவாக ஏறும் வண்டிக்கு மட்டும் ஏன் கொடுக்கக் கூடாது?

சட்டம் குறுக்கே நிற்கவில்லை. மோட்டார் வாகனம் என்றால் என்ன என்று வரையறுக்கும் 2ஆம் பிரிவின் 28ஆம் உட்பிரிவே, தொழிற்சாலைக்குள்ளோ வேறு அடைப்புள்ள வளாகத்துக்குள்ளோ மட்டும் பயன்படும் தனிவகை வண்டியை அந்த வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது. வளாகம்தான் இல்லை.

வளாகத்துக்கு நான் கைகாட்டுவது கைவிட்ட கல்குவாரிகளை. கிணத்துக்கடவு, பல்லடம் பக்கம் போனால் ஜல்லிக்காகத் தோண்டி எடுத்துவிட்டு விட்டுப்போன பள்ளங்கள் நிறைய. உழவுக்கு ஆகாது, வீடு கட்ட ஆகாது. வெட்டி ஒதுக்கிய கழிவுக் கற்கள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். எங்களுக்கு வேண்டியது அந்தக் குவியல்தான். எல்லாக் குவாரியும் ஆகும் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் தேங்கிய பள்ளங்களில் கோடை விடுமுறைக்குக் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிச் சாகிற செய்தி இந்தப் பக்கங்களில் வருடம் தவறாமல் வருகிறது. வெடி வைத்த சுவரில் விரிசல் ஓடியிருக்கும். அதன் அடியில் எவனும் நிற்கக்கூடாது. ஆழம் குறைந்த, தண்ணீர் தேங்காத குவாரிகளைக் கனிமவளத் துறை தேர்ந்தெடுக்கட்டும். சுவரிலிருந்து தள்ளி வேலி போடட்டும், வாசலில் ஆள் வைத்துக் கட்டணம் வாங்கட்டும். இன்று வேலியும் இல்லாமல் காவலும் இல்லாமல் கிடக்கிற பள்ளத்துக்கு இரண்டும் கிடைத்துவிடும்.

இடம் கொடுக்காமல் இருந்தால் என்ன ஆகிறது என்பதைத்தான் செல்போனில் பார்க்கிறோமே. ஆற்றுக்குள் ஜீப்பை இறக்கித் தண்ணீரைச் சிதறடித்து வீடியோ எடுக்கிறார்கள். பழைய ஜீப்பில் ஆயில் கசியாத இடம் ஒன்று உண்டா? அத்தனையும் கீழே இருக்கிற ஊர் குடிக்கிற தண்ணீரில் போகிறது. காட்டுத் தடத்தில் மழைக்காலத்தில் ஒரு தடவை சக்கரம் சுழன்றால் போதும், அந்தப் பள்ளம் ஓடையாகி அடுத்த வருடம் மண்ணையே கொண்டுபோய்விடும். கருங்கல்லில் அந்தப் பிரச்சினை இல்லை. கொஞ்சம் கறுப்பு ரப்பர் ஒட்டும், அவ்வளவுதான்.

ஐஸ்லாந்துக்காரர்கள் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். அங்கே 38 அங்குல டயர், அதைவிடப் பெரியது மாட்டிய ஜீப்புகள்கூடப் பரிசோதனையில் தேறினால் பதிவோடு ஓடுகின்றன. ஆனால் தடத்தை விட்டு இறங்கி வெறும் மண்ணில் ஓட்டுவது குற்றம். உறைந்த தரையைப் பனி மூடியிருக்கும்போது மட்டும் விலக்கு. அமெரிக்காவில் 2007 முதல் கிங் ஆஃப் தி ஹேமர்ஸ் என்ற பந்தயம் நடக்கிற கலிபோர்னியாவின் ஜான்சன் வேலியும் இப்படிப்பட்ட வண்டிகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட பாலைவன நிலம்தான். நம் ஊரில் தலைகீழ். பட்டறையில் நிற்கிற வண்டியைப் பார்த்து முகம் சுளிப்போம், ஆற்றில் ஓடுகிற வண்டிக்கு லைக் போடுவோம்.

சாலைக்கு வராவிட்டாலும் உள்ளே உட்கார்ந்திருப்பது உயிர்தானே என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். என் தொழிலில் எனக்கு அதிகம் கோபம் வருவதும் இங்கேதான். பாறையில் வண்டி உருள்வது சகஜம். ஆளைக் காப்பாற்றுவது தலைக்கு மேலே இருக்கிற பைப் கூண்டு. தண்ணீர்க் குழாய்க்கான ஜிஐ பைப்பில் கூண்டு அடித்துக் கறுப்புப் பெயின்ட் பூசி விற்கிறார்கள். அந்தப் பைப்பின் உள்பக்கம் விரலை விட்டால் நீளவாக்கில் ஒரு மடிப்பு தட்டுப்படும். தகட்டைச் சுருட்டி ஒட்டிய இடம் அது. வளைத்தால் முதலில் வாய் பிளப்பதும் அதுதான். துத்தநாகப் பூச்சின் மேலே வெல்டிங் அடித்தால் வருகிற வெள்ளைப் புகை வெல்டரை ராத்திரி காய்ச்சலில் போடும், வெல்டிலும் ஓட்டை விழும். நாங்கள் சீம்லெஸ் பைப் போடுகிறோம். ஒரு பைப்பின் நுனியை அடுத்ததன் வளைவில் இடைவெளி இல்லாமல் உட்காரும்படி குடைந்து எடுக்கவே பாதி நாள் போய்விடும். ஆக்சில் ஹவுசிங்கில் பிராக்கெட் வைக்கும்போது ஒரே இழுப்பாக வெல்டிங் அடிக்கக்கூடாது. இந்தப் பக்கம் இரண்டு அங்குலம், ஆறவிட்டு எதிர்ப்பக்கம் இரண்டு அங்குலம். அவசரப்பட்டால் ஹவுசிங் வளைந்து, உள்ளே ஆக்சில் உரசிக்கொண்டு ஓடும்.

இதையெல்லாம் பார்த்துத் தரம் சொல்ல ஆள் இல்லையா? பாஜா எஸ்ஏஇ இந்தியா என்ற போட்டிக்காக 2007 முதல் நம் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் கரடுமுரடுப் பாதைக்கான வண்டிகளைத் தாங்களே கட்டி ஓட்டுகிறார்கள். விதிகள் கறார். ஓட்டுநரின் ஹெல்மெட்டுக்கும் கூண்டுக்கும் நடுவே 152 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஐந்து நொடிக்குள் அவர் வெளியே வந்து காட்ட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது வெல்டிங் சோதனை. கூண்டுக்குப் போட்ட அதே பைப்பில் மாதிரித் துண்டு வெல்டு செய்து, அதை உடைத்துக் காட்ட வேண்டும். கிழிந்தால் பைப் கிழியலாம், வெல்டு விட்டுப்போகக் கூடாது. இந்த விதிகளைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்து குவாரி வாசலில் ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு, அந்தப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் பேராசிரியர்கள் கோவையிலேயே இருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வந்து வண்டிகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட அவர்களுக்கு ஒரு மதிப்பூதியம் கொடுக்கலாம். அதைக் கட்டணத்தில் சேர்த்து எங்களிடமே வாங்கிக்கொள்ளலாம். பிரித்த ஜீப்பின் ஆர்.சி. புத்தகத்தை ஒப்படைத்த ரசீதைக் காட்டினால்தான் உள்ளே விடுவோம் என்றும் எழுதிவிடுங்கள், அந்த வண்டி மறுபடி சாலைக்கு வராது. மாவட்ட ஆட்சியர் ஒரே ஒரு குவாரியில், ஒரு வருடத்துக்கு மட்டும் இதைச் செய்து பார்க்கட்டும். வேலிக்கு வேண்டிய கம்பத்தையும் கேட்டையும் என் பட்டறையில் கூலி வாங்காமல் அடித்துத் தருகிறேன்.