மூன்று நாளில் முடியாத பிரசவம்

குறைமாதக் குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது நாம் தாய்மாரைப் பற்றியே பேசுகிறோம். அது நியாயமே. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நிற்கும் தகப்பனைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதப்படுவது அரிது.

37 வாரங்கள் நிறைவடையுமுன் பிறப்பவை குறைமாதக் குழந்தைகள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி 2020ஆம் ஆண்டில் இவ்வாறு பிறந்தோர் 1 கோடியே 34 இலட்சம். ஏறத்தாழப் பத்தில் ஒன்று.

சத்திரசிகிச்சைக்குப் பின் தாய் ஒரு விடுதியிலும் பிள்ளை வேறொரு பிரிவிலும் இருக்க, இரண்டுக்கும் இடையே செய்தி கொண்டு நடப்பவன் தகப்பன். வைத்தியர் சொன்னதில் எவ்வளவை மனைவியிடம் சொல்வது, எவ்வளவை விழுங்கிக்கொள்வது என்பதும் அவனது தீர்மானமே. செய்தி சேகரிக்கச் சென்ற வைத்தியசாலைகளின் விறாந்தைகளில் இத்தகையோரைப் பலமுறை கண்டிருக்கிறேன். விசாரித்தால், "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கிறன்" என்பார்கள். கண்கள் வேறு சொல்லும்.

நமது அரச ஊழியருக்குரிய தந்தைமை விடுமுறை மூன்று நாட்கள். நிறைமாதத்தில் சுகமாகப் பிறந்த பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவர அது ஒருவாறு போதும். 28 வாரத்தில் பிறந்த பிள்ளையோ வாரக்கணக்கில் வைத்தியசாலையில் இருக்க நேரும். அது வீடு வரும் நாளில் தகப்பனின் விடுமுறை எப்போதோ தீர்ந்திருக்கும். நாட்கூலிக்குப் போகிறவருக்கு அந்த மூன்று நாளும் இல்லை.

1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்கியூபேற்றர் பற்றாக்குறையின் மத்தியில், வைத்தியர் எட்கர் ரே சனாப்ரியா குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறையைத் தொடக்கினார். அந்தச் சூட்டைத் தகப்பனின் மார்பும் தரும். தாய் எழுந்து வரமுடியாத நாட்களில் அது பேருதவி. குறைமாதக் குழந்தைகளின் பெற்றோர் இருவரது விசேட தேவைகளையும் விடுமுறை ஏற்பாடுகள் கவனத்திற் கொள்ளவேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் 2022இல் பரிந்துரைத்தது. பிரித்தானியாவில் 2025 ஏப்ரல் முதல், பிறந்தவுடன் ஏழு நாட்களுக்குக் குறையாமல் சிகிச்சையில் இருக்கும் குழந்தையின் பெற்றோர், தாய் தந்தை இருவருமே, 12 வாரங்கள் வரை மேலதிக விடுமுறை பெறலாம்.

பாலூட்டும் தாய்மார் இருக்குமிடத்தில் ஆண்களை எவ்வாறு அனுமதிப்பது என்று கேட்பர். நியாயமான கேள்விதான். ஒரு திரைச்சீலையும் தகப்பன்மாருக்கென ஒதுக்கிய ஒரு மணி நேரமும் அதற்குப் பதிலாகும். விடுமுறை விடயத்தில் பன்னிரண்டு வாரங்கள் நமக்குக் கட்டுபடியாகாதிருக்கலாம். ஆயினும், பிள்ளை தீவிர சிகிச்சையில் இருந்தால் அந்த மூன்று நாட்களையாவது அது வீடு செல்லும் நாளிலிருந்து எடுக்க இடமளிப்பதற்கு அரசுக்கு ஒரு சதமும் மேலதிகமாகச் செலவாகாது. ஒரு சுற்றுநிருபமே போதும்.