மூடப்படும் பழைய லேண்ட்லைன்: பிரிட்டன் கடைகளின் கார்டு மெஷின்கள் என்ன ஆகும்?

கல்லாவில் வரிசை நிற்கிறது. கார்டு மெஷினோ 'கனெக்டிங்' என்று காட்டிவிட்டு அப்படியே நிற்கிறது. வாங்க வந்தவர் கையில் நோட்டு இல்லை. பையை வைத்துவிட்டுப் போய்விடுகிறார். பிரிட்டனில் சிறு கடை நடத்துபவர்கள் பலர் இந்தக் காட்சியை நினைத்துக் கவலைப்படக் காரணம் ஒரு தேதி: 2027 ஜனவரி 31.

அன்றோடு அந்நாட்டின் பழைய அனலாக் தொலைபேசிச் சேவை மூடப்படுகிறது. முதலில் 2025 டிசம்பர் என்றுதான் சொல்லப்பட்டது. அவசர அழைப்புக் கருவியை நம்பி வாழும் முதியவர்கள் போன்றோரின் பாதுகாப்பு கேள்வியானதால், 2024 மே மாதம் பி.டி. நிறுவனம் கெடுவைத் தள்ளிவைத்தது. ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் தமிழர்களுக்கும் இது பொருந்தும்.

போன் லைனுக்கும் கார்டுக்கும் என்ன சம்பந்தம்?

பழைய மெஷின்களுக்குள் ஒரு மோடம் உண்டு. ஒவ்வொரு முறை கார்டு போடும்போதும் அது பேமென்ட் நிறுவனத்துக்கு போன் செய்துதான் அனுமதி கேட்கும். கடைக்காரர் அதே லைனில் பேசிக்கொண்டிருந்தால் வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியதுதான்.

'இன்டர்நெட் போன் லைனில் அதே மெஷினைச் சொருகிவிடலாமே' என்று பலரும் நினைக்கிறார்கள். அங்கேதான் சிக்கல். இன்டர்நெட் வழி அழைப்பு மனிதக் குரலுக்காக வடிவமைக்கப்பட்டது. மோடம் எழுப்பும் ஒலி அதில் சிதைந்துபோகலாம். பத்து தடவை வேலை செய்யும், பதினோராவது தடவை கைவிடும். வியாபாரத்துக்கு அது ஆகாது. மெஷினின் பின்னால் ஈதர்நெட் கேபிள் போடும் துளை இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. இருந்தால், பேமென்ட் நிறுவனத்திடம் சொல்லி செட்டிங்கை மாற்றி, ரவுட்டரில் இணைக்கலாம். இல்லையென்றால் மெஷினையே மாற்ற வேண்டும்.

வேகமான பிராட்பேண்ட் தேவையா?

தேவையே இல்லை. ஒரு கார்டு பரிவர்த்தனைக்குப் போகும் டேட்டா, வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு போட்டோவைவிடக் குறைவு. ஆனால் விற்க வருபவர்கள் வேகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்! வீட்டு இணைப்புக்கும் பிசினஸ் இணைப்புக்கும் கடைக்காரர் கவனிக்க வேண்டிய வித்தியாசம், லைன் பழுதானால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வார்கள் என்ற உறுதிமொழிதான். கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படிப்பது நல்லது.

இன்னொன்று, டீ குடிக்க வருபவர்களுக்குக் கொடுக்கும் இலவச வைஃபையிலேயே கார்டு மெஷினையும் போட்டுவிடக் கூடாது. கார்டு துறையின் பி.சி.ஐ. பாதுகாப்பு விதிகளின் அடிப்படை எதிர்பார்ப்பே, பொதுமக்கள் நுழையும் நெட்வொர்க்கும் பணம் போகும் நெட்வொர்க்கும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதுதான்.

நெட் போனால் என்ன செய்வது?

2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் நெட்வொர்க் முடங்கியது. அந்த ஒரு நிறுவனம் விழுந்ததில் நாடு முழுக்க இன்டராக் டெபிட் கார்டு சேவையும் படுத்துவிட்டது. கடைகள் 'கேஷ் மட்டும்' என்று எழுதி ஒட்டின. அப்படி மையமே விழுந்தால் கடைக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. தெருவில் கேபிள் அறுந்தால் மட்டும், சிம் கார்டு போட்ட மெஷின் கைகொடுக்கும். அந்த சிம், பிராட்பேண்ட் தரும் அதே நிறுவனத்துடையதாக இல்லாமல் இருப்பது முக்கியம். 3ஜி மட்டும் பிடிக்கும் பழைய மெஷினை யாராவது மலிவாகத் தந்தாலும் வாங்கக் கூடாது. பிரிட்டனில் 3ஜி-யையும் பெரும்பாலும் மூடிவிட்டார்கள்.

சில மெஷின்களில் ஆஃப்லைன் வசதி உண்டு. கார்டு விவரத்தைச் சேமித்து வைத்து, நெட் வந்ததும் அனுப்பும். அப்போது கணக்கில் பணம் இல்லை என்று வங்கி மறுத்தால், நஷ்டம் பெரும்பாலும் கடைக்காரர் தலையில்தான் விழும்.

கார்டு மெஷினை மாற்றிய கையோடு பழைய லைனை ரத்து செய்யக் கிளம்புபவர்கள், கடையின் திருட்டு அலாரம் எந்த லைனில் ஓடுகிறது என்பதை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. பல இடங்களில் அதுவும் அதே லைன்தான்.