கூரைக்குச் செலவிடும் முன் வானத்தைப் பாருங்கள்



சித்திரை பிறந்தால் தகரக் கூரை போட்ட கிட்டங்கியில் வெல்லம் இளகுகிறது. சாக்லேட் பெட்டியோடு உருகிவிடுகிறது. பாலும் தயிரும் வைத்திருக்கும் பிரிட்ஜ் ஓய்வின்றி ஓடுகிறது. கல்லாவில் சேர்வதில் ஒரு பங்கு மின் கட்டணத்துக்கே போய்விடுகிறது. எனவே, மின்சாரமின்றிக் கூரையைக் குளிர்விக்கும் ஆராய்ச்சி நம் கவனத்துக்கு உரியது.

2014-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆஸ்வத் ராமன், ஷான்ஹூய் ஃபான் குழுவினர், வெள்ளிப் பூச்சின் மீது ஹாஃப்னியம் ஆக்சைடு, சிலிக்கா ஆகியவற்றை ஏழு மெல்லிய அடுக்குகளாகப் படியவைத்தார்கள். அது வெயிலில் 97 சதவீதத்தைத் திருப்பி அனுப்பியது. நேர் வெயிலிலும் சுற்றுக்காற்றைவிட 4.9 டிகிரி குளிர்ச்சியாக இருந்தது. 2017-ல் கொலராடோ பல்கலைக்கழகக் குழு, நுண்ணிய கண்ணாடி மணிகளைப் பிளாஸ்டிக் தாளில் கலந்து, அடியில் வெள்ளி பூசி, சுருளாகத் தயாரிக்கும் வழியைக் காட்டியது. நண்பகலில் சதுர மீட்டருக்கு 93 வாட் வெப்பத்தை அது வெளியேற்றியது.

இத்தகையவற்றுக்கு மெட்டாமெட்டீரியல் என்று பெயர். ஒரே அரிசி மாவு இடியாப்பமாகவும் புட்டாகவும் ஆவதுபோல, இவற்றின் குணம் மூலப்பொருளைவிட நுண்ணிய அமைப்பால் வருகிறது. வெயிலை விரட்டுவதோடு, தன் வெப்பத்தைக் காற்று தடுக்காத 8 முதல் 13 மைக்ரான் அலைநீளத்தில் விண்வெளிக்கு அனுப்பிவிடுகிறது.

இந்த ஆராய்ச்சியில் பிறந்த ஸ்கைகூல் நிறுவனம், கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் ஒரு மளிகை அங்காடியின் கூரையிலேயே இதைப் பொருத்தி, குளிர்பதன இயந்திரத்தின் சுமையைக் குறைத்திருக்கிறது. கேட்க மகிழ்ச்சிதான். ஆனால் ஸ்டாக்டனின் கோடை, ஈரமற்ற தெளிந்த வானம். சென்னை, நாகை, தூத்துக்குடியில் காற்றில் ஈரம் அதிகம். அந்த நீராவி, வெப்பம் வெளியேறும் வழியைப் பெருமளவு அடைத்துவிடும். மேகமும் அப்படியே. தூசி படிந்தால் வெயிலைத் திருப்பும் திறனும் குறையும். அங்கே கிடைத்த பலனை இங்கே அப்படியே எதிர்பார்க்க முடியாது.

ஆகவே, "நாசா தொழில்நுட்பம்" என்று சொல்லிப் பெயிண்டும் தகடும் விற்க வருபவர்களிடம் வாய்ப்பேச்சைக் கேட்டுப் பணம் கட்ட வேண்டாம். சூரிய ஒளியை எத்தனை சதவீதம் திருப்புகிறது, வெப்பத்தை எவ்வளவு வெளியிடுகிறது என்ற இரண்டு அளவுகளுக்கும் ஆய்வகச் சான்று கேளுங்கள். நமது சங்கம் கடலோரத்தில் ஒன்று, கொங்குப் பகுதியில் ஒன்று என இரு கிட்டங்கிகளில் ஒரு கோடை முழுவதும் சோதித்து, சாதாரணக் கூரையோடு ஒப்பிட்டுக் கணக்கை வெளியிட வேண்டும். பலன் தெரிந்தால் மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையைக் குறைக்கலாம்.

அதுவரை வெள்ளையடிப்பு இருக்கிறது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வேலை கடலோரத்திலும் பலிக்கும், செலவும் குறைவு. தெலங்கானா அரசு 2023-லேயே குளிர்கூரைக் கொள்கையை அறிவித்துவிட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம்மில் பலர் வாடகைக் கடைக்காரர்கள். கூரை கட்டட உரிமையாளருடையது. மின் கட்டணம் நம்முடையது. செலவை யார் ஏற்பது என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

எடை போட்டுப் பார்க்காமல் நாம் எந்தச் சரக்கையும் வாங்குவதில்லை. விஞ்ஞானமும் அப்படியே வரட்டும்.