பறித்த பின்னும் உயிருண்டு

மரத்திலிருந்து பறித்த காயும், மண்ணிலிருந்து அகழ்ந்த கிழங்கும் அக்கணமே உயிரற்ற சரக்காகிவிடுகின்றன என்று எண்ணுவது நம்மிடையே நெடுநாளாக நிலவிவரும் பிழையாகும். அவை பறித்த பின்னும் மூச்சு விடுகின்றன. காயம்பட்டால் ஆற்றிக்கொள்ள முயல்கின்றன. பூசணம் நுழைந்தால் எதிர்த்து நிற்கின்றன. அந்தப் போராட்டத்தில் அவற்றுக்குத் துணை நிற்பதே அறுவடைக்குப் பின் நமது முதற் கடமை. நமது சங்கங்கள் அக்கடமையில் தவறிவருகின்றன என்பதை வருத்தத்துடன் கூற வேண்டியிருக்கிறது.

நெசவாள அங்கத்தினர்கள் இதனை எளிதில் உணர்வர். கஞ்சி நன்கு ஏறிய பாவு உராய்வைத் தாங்கும்; கஞ்சி உதிர்ந்த இடத்தில் இழை அறும். காய்க்குத் தோலும் அதன் மேலுள்ள மெழுகுப் படலமும் அத்தகைய காப்பு. அதற்குள்ளும் ஒரு காவல் உண்டு. மாங்காயின் தோலில் பூசணத்தை அடக்கும் பொருள்கள் இயற்கையிலேயே அமைந்திருக்கின்றன. கரும்புள்ளி அழுகலை உண்டாக்கும் ஆந்த்ராக்னோஸ் பூசணம், பூவும் பிஞ்சுமாக இருக்கையிலேயே மழையிலும் பனியிலும் வந்து தொற்றிக்கொள்கிறது. ஆயினும் காய் பச்சையாக இருக்கும்வரை அடங்கிக் கிடக்கிறது. காய் பழுக்கப் பழுக்க அக்காவற் பொருள்கள் குறைகின்றன, பூசணம் விழித்துக்கொள்கிறது. ஆகவே, பழக்கூடையில் தோன்றும் கரும்புள்ளிக்கு வியாபாரியை மட்டும் குறை கூறிப் பயனில்லை. பறித்த மாங்காயை ஏறக்குறைய 52 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரில் 5 முதல் 10 நிமிடம் அமிழ்த்தி எடுத்தால் இந்நோய் பெரிதும் கட்டுப்படும். சூடு மிகுந்தால் தோல் வெந்துவிடும். எனவே வெப்பமானியும், சில காய்களில் முன்சோதனையும் இன்றியமையாதவை.

நமது வட்டாரத்துக்கு உரிய உதாரணம் மரவள்ளி. கல்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்திலும் இக்கிழங்கை நம்பி வாழும் குடும்பங்கள் பல. பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களில் கிழங்கினுள் நீலமும் கருமையுமாகக் கோடுகள் ஓடுவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். இது முதலில் கிருமியின் வேலையன்று; கிழங்கின் சொந்தக் காப்புச் செயலே எல்லை மீறிப்போவதன் விளைவு. காயம்பட்டதும் கிழங்கு ஸ்கோபோலெட்டின் முதலிய பொருள்களைப் பெருக்குகிறது. அவை காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து நிறம் மாறுகின்றன. அதன் பின்னரே பூசணமும் அழுகலும் வந்து சேர்கின்றன. காயம் எத்துணை குறைவோ, கேடும் அத்துணை தாமதம். கிழங்கை முறித்துப் பிரிக்காமல், தண்டின் சிறு பகுதியோடு வெட்டி எடுக்க வேண்டுவது இதனாலேயே.

அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே செடியின் மேற்பகுதியைக் கழித்துவிட்டால் நீலம் பாய்வது குறைகிறது என்பதும் கண்டறியப்பட்ட உண்மையே. ஆனால் இது சமையலுக்கு விற்கும் கிழங்குக்கே பொருந்தும். ஜவ்வரிசி ஆலைக்குச் செல்லும் கிழங்கில் மாவுச்சத்துக் குறைந்து பாயிண்டு இறங்கிவிடக்கூடும். அதற்கு விரைவே மருந்து: இன்று பிடுங்கியது இன்றே லாரி ஏற வேண்டும்.

செடியின் காப்பு முறையிலிருந்தே நாம் பாடம் கற்கலாம் என்பதற்குக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நற்சான்று. தழையை வெட்டும்போது எழும் பச்சை வாசனையில் ஹெக்ஸனால் என்ற பொருள் இருக்கிறது. காயம்பட்ட செடி தானே வெளியிடுவது அது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, அப்பொருள் கலந்த கரைசலை அறுவடைக்கு 30 நாள் முன்பும் 15 நாள் முன்பும் மாமரங்களில் தெளித்துப் பார்த்தனர். பழம் தளர்வது தாமதப்பட்டது. இத்தகைய முயற்சிகளை வரவேற்கிறோம். ஆயினும் தோலைக் கிழித்துவிட்டு மருந்தைத் தேடுவது, பாவை அறுத்துவிட்டுக் கஞ்சி காய்ச்சுவதற்கு ஒப்பாகும்.

இனி நமது குறையைக் கூறுவோம். நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தின் கொள்முதல் முற்றத்தில், ஓர் அங்கத்தினர் காம்போடு வெட்டிய கிழங்கை வைக்கோல் பரப்பி, நோகாமல் கொண்டுவந்தார். மற்றொருவர் முறித்த கிழங்கை வண்டியிலிருந்து உதறிக் கொட்டினார். இரண்டும் ஒரே குவியலில் சேர்ந்தன. ஒரே விலை பெற்றன. அடுத்த பருவத்தில் முன்னவரும் உதறிக் கொட்டலானார். அவரைக் குறை கூற நமக்கு நா எழவில்லை. அன்று நாமும் பதிவேடுகளை வரிவரியாகச் சரிபார்த்தோமேயன்றி, குவியலைப் புரட்டிப் பார்க்கவில்லை. ஏடு சரியாக இருந்தது, கிழங்கு கெட்டுக்கொண்டிருந்தது.

சேலம் சாலையும் திருச்சி–சென்னைச் சாலையும் சந்திக்கும் உளுந்தூர்பேட்டையில் இருக்கும் நமக்குச் சந்தை தொலைவில் இல்லை. ஆனால் நல்ல சாலையும் அடிபட்ட காயைக் காப்பாற்றாது. குளிர்பதனக் கிடங்கு வேண்டும் என்று பேரவைக் கூட்டங்களில் தீர்மானங்கள் எழுகின்றன. அதன் பயனை நாம் மறுக்கவில்லை. எனினும் குளிர், காயத்தை ஆற்றுவதில்லை. ஆறுவதைத் தாமதப்படுத்தவே செய்கிறது. மாங்காயை மிகுந்த குளிரில் வைத்தால் அதுவே தனி நோயாகிவிடும்.

எனவே நாம் வேண்டுவது மூன்று. கொள்முதலின்போதே காயம்பட்டதையும் படாததையும் பிரித்து, காயமற்றதற்குக் கூடுதல் விலை தர வேண்டும். சாக்குக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கிரேடுகளைச் சங்கமே வாங்கி, அங்கத்தினருக்குக் குறைந்த வாடகைக்கு அளிக்க வேண்டும். முற்றத்தில் ஒரு நிழற்கூரை அமைக்க வேண்டும். இரு தரம் என்றால் கணக்கு இரட்டிக்கும் என்று செயலாளர்கள் தயங்கலாம். உண்மைதான், ஏட்டில் ஒரு பத்தி கூடும். ஆனால் கவனமாக உழைத்தவனையும் கவனமின்றி உழைத்தவனையும் ஒரே தட்டில் நிறுக்கும் சங்கம், நாளடைவில் கவனமின்மையையே பயிரிடுகிறது. வரும் பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதை எழுப்புவார்களாக. ஆய்வுக்கு வரும் நாமும் இனி முதலில் குவியலைப் பார்த்துவிட்டே ஏட்டைத் திறப்போம்.