பழைய துப்பாக்கிக்குத் தனி உரிமம் வேண்டும்

ஒவ்வொரு விஜயதசமியன்றும் மைசூரில் அரசாங்கமே கருமருந்து வெடிக்கிறது. தங்க அம்பாரியில் வீற்றிருக்கும் சாமுண்டீஸ்வரிக்கு முதலமைச்சர் மலர் தூவ, தேசிய கீதம் ஒலிக்க, அரண்மனையின் பழைய பீரங்கிகள் 21 முறை முழங்கும். கன்னடத்தில் குஷால தோப்பு என்பார்கள். இயக்குபவர்கள் நகர ஆயுதப்படைக் காவலர்கள். தசராவுக்கு முன்பே பீரங்கிகளுக்குப் பூஜை போட்டு ஒத்திகை ஆரம்பித்துவிடும். யானைகளையும் குதிரைகளையும் நிறுத்தி வைத்துச் சத்தத்துக்குப் பழக்குவார்கள்.

நான் நஞ்சன்கூட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய் அந்த ஒத்திகையைப் பார்க்கிறவன். ஊர்வலத்தைவிட எனக்கு அதுதான் முக்கியம். ஒரு வெடி முடிந்ததும் ஈரத்துணி சுற்றிய கம்பைக் குழலுக்குள் விட்டுத் துடைப்பார்கள். உள்ளே ஒரு பொறி மிச்சமிருந்தாலும் அடுத்து வைக்கும் மருந்து அந்தக் கணமே பற்றிக்கொள்ளும். வைக்கிறவர் கை போய்விடும். துடைக்கிறவர், மருந்து வைக்கிறவர், கெட்டிக்கிறவர், தீ வைக்கிறவர் என்று ஆளுக்கொரு வேலை, அந்த வரிசை மாறக் கூடாது. புத்தகத்தைப் படித்து இதைக் கற்க முடியாது. மூத்த காவலர் செய்வதைப் பார்த்து இளையவர் செய்ய வேண்டும், கை பழக வேண்டும்.

இந்தக் கைப்பழக்கத்தைப் பாரம்பரியம் என்று போற்றும் அதே அரசு, அதே மருந்தில் இயங்கும் நூற்றைம்பது வருஷத்துப் பழைய ரிவால்வரை ஒரு குடிமகன் எண்ணெய் போட்டுப் பாதுகாத்து, வருஷத்துக்கு ஒருமுறை மைதானத்தில் சுட்டுப் பார்க்க எளிய வழி எதுவும் வைக்கவில்லை. அது மாற வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலையேறி வந்து நஞ்சன்கூட்டில் கொல்லுப்பட்டறை போட்டவர். கபிலை ஆற்றின் ஓரத்தில் குத்தகை நிலமும் வைத்திருந்தார். வாழையும் ராகியும் போட்டால் பன்றி விடாது. அதற்காக உரிமம் வாங்கி ஒரு ஒத்தக்குழல் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மருந்தைக் குழலுக்குள் கொட்டி, நார் அடைத்து, ஈயம் போட்டு, மறுபடி நார் அடைத்து, கம்பியால் கெட்டித்து, பின்னால் இருக்கும் சிறு குழாய் முனையில் தட்டினால் பொறி தரும் கேப்பைப் பொருத்தி, அதைத் தட்டும் சுத்தியான குதிரையை இழுத்து வைப்பார். இத்தனையும் முடிவதற்குள் பன்றி அடுத்த ஊருக்குப் போயிருக்கும். அவர் அதனால் கவலைப்பட்டதில்லை. சத்தம் போதும், பன்றி ஒரு வாரம் வராது என்பார்.

தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். அப்பாருவும் ஒப்படைப்பார். கொண்டுபோகும்போது கண்ணாடியாக இருக்கும் குழல் திரும்பி வரும்போது செம்பழுப்பாக இருக்கும். மண்ணெண்ணெயும் சாம்பலும் போட்டுத் தேய்த்து அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அவருக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். பட்டறையில் நான் முதலில் கற்றது அந்தத் தேய்ப்புதான். பிறகு ஒரு தொழிற்சாலை டூல்ரூமில் ஃபிட்டராக வேலை செய்து ஓய்வு பெற்றேன். உலோகத்தை மதிக்க அந்தத் துப்பாக்கிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அவர் காலத்துக்குப் பிறகு உரிமத்தைப் பெயர் மாற்ற அலைந்து சலித்து, அப்பா அதை ஒரேயடியாக ஒப்படைத்துவிட்டு வந்தார். அது இப்போது எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்பதே எங்களுக்குத் தெரியாது.

நாட்டுத் துப்பாக்கியிலிருந்து ரிவால்வருக்கு வருகிறேன். என் ஆசை முழுக்க அதன்மேல்தான்.

சாமுவேல் கோல்ட் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1836ல். அவருடைய 1851 நேவி மாடல்தான் கருமருந்து ரிவால்வர்களில் பேர்பெற்றது. ஆறு அறைகள் கொண்ட உருளை, எட்டுப் பட்டைக் குழல், அங்குலத்தில் நூற்றுக்கு முப்பத்தாறு பங்கு விட்டம். குழலைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருப்பது ஒரேயொரு ஆப்பு. ஆப்பைத் தட்டி எடுத்தால் துப்பாக்கி மூன்று துண்டாகக் கையில் வரும். ஒவ்வொரு உருளையிலும் 1843ல் கம்பேச்சே கடற்பரப்பில் டெக்சஸ் கப்பல்களும் மெக்சிகோ கப்பல்களும் மோதிய காட்சி பொறிக்கப்பட்டிருக்கும். ஓர்ம்ஸ்பி என்ற செதுக்குநரின் அச்சு அது.

அதே 1851ல் லண்டனில் ராபர்ட் ஆடம்ஸ் வேறு வழியில் யோசித்தார். ஆப்பு வேண்டாம், சட்டமும் குழலும் ஒரே இரும்பிலிருந்து அடித்த ஒரே துண்டாக இருக்கட்டும் என்றார். குதிரையைக் கட்டைவிரலால் இழுக்கவும் வேண்டாம். விசையை அழுத்தினாலே உருளை சுற்றி, குதிரை எழுந்து, தானே விழும். ஐந்து குண்டுதான், ஆனால் கனமான குண்டு. 1856ல் போமன்ட் என்ற அதிகாரி, விரலாலும் இழுக்கலாம் என்ற வசதியை அதில் சேர்த்தார். கோல்ட் லண்டனில் தொடங்கியிருந்த தொழிற்சாலை அதே வருஷம் மூடப்பட்டது. அடுத்த வருஷம் இங்கே சிப்பாய்ப் புரட்சி. இந்த இரண்டு வகை ரிவால்வர்களையும் இடுப்பில் சொருகிக்கொண்டு அதிகாரிகள் இந்த நாடெங்கும் சுற்றினார்கள், பெரும்பாலும் சொந்தக் காசில் வாங்கியவை. சென்னை மவுண்ட் ரோட்டில் பி.ஆர் அண்ட் சன்ஸை நாம் கடிகாரக் கடையாகத்தான் அறிவோம். அவர்கள் அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றார்கள், கடைப் பெயர் பொறித்த துப்பாக்கிகள் இன்றும் உண்டு.

அவையெல்லாம் எங்கே? சில எழும்பூர் அருங்காட்சியகத்திலும் கோட்டை அருங்காட்சியகத்திலும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. பல கடல் தாண்டிப் போய்விட்டன. எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் இருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் செய்வித்த துப்பாக்கிகள், புலிவரிக் குழலும் புலி முக வேலைப்பாடும் கொண்டவை, 1799 மே 4ஆம் தேதி கோட்டை விழுந்தபோது கொள்ளை போயின. 2015ல் லண்டன் போன்ஹாம்ஸ் ஏலத்தில் திப்புவின் ஆயுதங்கள் அடங்கிய ஒரே சேகரிப்பு 60 லட்சம் பவுண்டுக்கும் மேல் போனது. 2019ல் இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து எடுத்த திப்புவின் துப்பாக்கி 60,000 பவுண்டுக்கு விலைபோனது. பரணில் கிடந்தும் இருநூறு வருஷம் அது பிழைத்திருக்கிறது. எங்கள் வீட்டுத் துப்பாக்கி ஒப்படைத்த பிறகு பிழைத்ததா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

டெக்சஸில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அக்கம்பக்கத்துப் பெரியவர் ஒருவர் தன் நேவி மாடல் மறுபதிப்போடு என்னைச் சுடுகளத்துக்கு அழைத்துப் போனார். இத்தாலியில் செய்தது. ப்ரெஷா பக்கம் கார்டோனே என்ற பள்ளத்தாக்கு ஊரில் பல தலைமுறைகளாகத் துப்பாக்கிக் கொல்லர்கள் இருக்கிறார்கள். 1950களின் இறுதியில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கியபோது, பழைய ரிவால்வரை அசலாகவே மறுபடி செய்யும் வேலையை உபெர்ட்டி போன்ற பட்டறைகள் அங்கே ஆரம்பித்தன. பெரியவர் அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு அறையிலும் அளந்த மருந்து. அதன்மேல் அறையைவிட ஒரு மயிரிழை பெரிய ஈயக் குண்டு. குழலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலை அழுத்தினால் குண்டு உள்ளே இறங்கும்போது அதன் விளிம்பிலிருந்து ஈயம் மெல்லிய வளையமாகச் சீவிக்கொண்டு வெளியே விழும். வளையம் முழுசாக விழுந்தால் குண்டு இறுக்கமாக உட்கார்ந்தது என்று அர்த்தம். டூல்ரூமில் வாழ்நாளைக் கழித்த எனக்கு அந்த வளையத்தைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. குண்டின்மேல் கொழுப்பைத் தடவினார். ஒரு அறையின் தீ பக்கத்து அறைக்குத் தாவாமல் இருக்க அது. கடைசியில்தான் கேப்பு.

நான் சுட்டேன். வெள்ளைப் புகை எழுந்து இலக்கையே மறைத்தது. தீபாவளிக்கு மறுநாள் காலை வாசலில் நிற்கும் அதே வாசனை. ஆறு குண்டு முடிந்து மறுபடி நிரப்ப எவ்வளவு நேரம் ஆனது என்றால், நாங்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசி முடித்துவிட்டோம். வீட்டுக்கு வந்ததும் அவர் அதைப் பிரித்து வெந்நீரிலும் சோப்பிலும் கழுவினார். கருமருந்தின் கசடு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஒரு ராத்திரி விட்டால் போதும், இரும்பைத் தின்றுவிடும்.

அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், 1898லும் அதற்கு முன்பும் செய்த துப்பாக்கிகளையும் இப்படிப்பட்ட மறுபதிப்புகளையும் பழம்பொருளாகவே கருதுகிறது. அந்த அளவுக்குத் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஐரோப்பாவிலும் பிற நாடுகளிலும் 1971 முதல் எம்.எல்.ஏ.ஐ.சி. என்ற சர்வதேச அமைப்பு வாய்வழித் துப்பாக்கிகளுக்கு உலகப் போட்டி நடத்துகிறது. கேப்பு ரிவால்வருக்கு 25 மீட்டர், 30 நிமிடத்தில் 13 குண்டு, அதில் சிறந்த பத்துதான் கணக்கு. அரை மணி நேரத்துக்குப் பதின்மூன்று குண்டு! அவசரக்காரருக்கு இந்த விளையாட்டு சரிப்படாது.

நம் நாட்டுக் கைகளுக்கு இந்த வேலை தெரியாததும் இல்லை. பழைய பிரிட்டிஷ், பிரெஞ்சு மஸ்கட்டுகளின் நகல்கள் இந்தியப் பட்டறைகளில் செய்யப்பட்டு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகின்றன. தீ உள்ளே புகும் துளையை மட்டும் போடாமல் அனுப்புகிறார்கள். துளையில்லாத வரை அது அலங்காரப் பொருள். அங்கே வாங்குகிறவர் துளையிட்டுச் சுடுகிறார், போர்க்காட்சி விழாவில் நடக்கிறார். செய்த நம் தொழிலாளி அதைச் சுட்டு, சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கக்கூட முடியாது. தான் செய்ததைச் சோதிக்க முடியாத கொல்லன் எப்படித் தேறுவான்?

நம் சட்டத்தில் கதவு இல்லாமலும் இல்லை. சரிசெய்தாலும் சுட முடியாத பழம் ஆயுதத்துக்கு 45ஆம் பிரிவு விலக்கு தருகிறது. சுடக்கூடிய அரும்பொருள், வரலாற்று ஆயுதங்களுக்கு விதிகளின் அட்டவணையில் தனி வகை இருக்கிறது. ஆனால் 2019 திருத்தம் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றது, பரம்பரைச் சொத்தாக வந்தாலும் அந்த வரம்புதான். தாத்தாவின் ஆடம்ஸும் நேற்று வாங்கிய ரிவால்வரும் எண்ணிக்கையில் ஒன்றே. எது போகும்? வேலைக்கு ஆகாத பழசுதான் முதலில் போகும். இன்னொரு பக்கம், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறு வயது தாண்டிய கலைப்பொருள் நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்கிறது. வெளியே போகவும் கூடாது, வீட்டில் இருக்கவும் இடமில்லை என்றால் அந்தப் பொருள் எங்கே போகும்?

பக்கத்தில் குடகைப் பாருங்கள். 1861ல் பிரிட்டிஷ் ஆணையர் மார்க் கப்பன் காலத்தில் கிடைத்த விலக்கு இன்றும் நிற்கிறது. குடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமம் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு. 2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்து வணங்குகிறார்கள், தேங்காயைக் குறிவைத்துச் சுடுகிறார்கள். பிறப்பிலும் இறப்பிலும் வானத்தை நோக்கி வெடிக்கிறார்கள். ஆயுதத்தை மரியாதையோடு வைத்திருக்கும் ஒரு சமூகம் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. ஒரு சமூகத்துக்கு மட்டுமே உரிய சலுகையை எல்லாருக்கும் கேட்கவில்லை. மரியாதை பழக்கத்தால் வரும் என்பதற்கு அவர்களைச் சாட்சியாகச் சொல்கிறேன்.

எதிர்க்கேள்வி எனக்குத் தெரியும். பந்திப்பூர் காடு எங்கள் ஊருக்கு அருகில் இருக்கிறது. கள்ளத்துப்பாக்கி மானையும் மனிதனையும் கொன்றிருக்கிறது; தண்ணீர்க் குழாயில் செய்த குழல் வெடித்து வைத்திருந்தவனே செத்திருக்கிறான். கருமருந்து ரிவால்வரும் கொல்லும் ஆயுதம்தான், அதில் ஒளிக்க எதுவுமில்லை. அதனால்தான் காவல்துறை விசாரணை, பயிற்சி, பதிவு எண் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்கிறேன். மருந்தும் கேப்பும் வீட்டில் வேண்டாம், சுடுகளத்திலேயே பூட்டியிருக்கட்டும். ஆனால் வேட்டைக் கள்ளனும் ரவுடியும், நிரப்பவே பத்து நிமிடம் ஆகி, ஊரெல்லாம் புகை காட்டி, சுட்ட அன்றே வெந்நீரில் கழுவ வேண்டிய பொருளைத் தேட மாட்டார்கள். அவர்களைத் தடுக்க நினைத்துப் போட்ட வேலி சேகரிப்பவரைத்தான் தடுக்கிறது.

1900க்கு முன் செய்த கருமருந்துத் துப்பாக்கிகளுக்கும் அவற்றின் மறுபதிப்புகளுக்கும் இரண்டு என்ற கணக்கில் சேராத தனி உரிமம் வர வேண்டும். அது மத்திய அரசின் வேலை, நாளாகும். சுடுகளத்தில் மாதத்தில் ஒரு நாளைக் கருமருந்துக்கு ஒதுக்குவது மாநில அளவிலேயே முடியும். மைசூரில் அதைக் கற்றுத்தரப் பீரங்கிக் காவலர்களே இருக்கிறார்கள்.

ஸ்டேஷனில் துப்பாக்கியை ஒப்படைக்கும் இடத்தில் செய்ய வேண்டிய மாற்றத்துக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். தேர்தலுக்காகவோ உரிமம் முடிந்ததாலோ ஸ்டேஷனுக்கு வரும் பழைய துப்பாக்கிகளை அழிப்பதற்கு முன்னால் அருங்காட்சியகத் துறையிலிருந்து ஒருவர் வந்து ஒருமுறை பார்க்கட்டும். குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று எழுதி, படம் எடுத்துக்கொள்ளட்டும். திருப்பித் தர வேண்டியவற்றைக் கிடங்கில் அடுக்கும் முன் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்புத் துடைக்கட்டும். ஆள் இல்லை என்றால் எங்களைப் போன்ற ஓய்வு பெற்ற ஃபிட்டர்களைக் கூப்பிடுங்கள். காவலர் முன்னிலையில் உட்கார்ந்து, காசு வாங்காமல் துடைத்துக் கொடுக்கிறோம்.