கிளம்பியாச்சா?

சென்ற மாதம் வாசகி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறதாம். ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் ஒரு கூட்டம். எட்டரை மணிக்கு மேலதிகாரி கைப்பேசியில் அழைத்து, எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். இவர் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “ஐ ஹேவ் ஸ்டார்ட்டட், சார்” என்று சொல்லிவிட்டார்.

கூட்டத்தைத்தான் தொடங்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, மேலதிகாரி குடித்துக்கொண்டிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு மேல்மாடிக்கு ஓடியிருக்கிறார். அங்கே விளக்குகூடப் போடவில்லை. அன்று முழுவதும் அலுவலகத்தில் இவரைப் பார்த்தவர்கள் எல்லாம், “ஸ்டார்ட்டட் வாட்?” என்று கேட்டுச் சிரித்தார்களாம்.

“கிளம்பிட்டேன் என்பதற்கு ஸ்டார்ட் என்று சொல்வது தவறா சார்? எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம்” என்று கேட்டிருந்தார்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம். தவறு என்று ஒரே அடியாகத் தள்ளிவிடவும் முடியாது. ‘ஸ்டார்ட்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் துள்ளி எழுவது என்று பொருள். திடுக்கிட வைப்பதைக் குறிக்கும் ‘ஸ்டார்ட்டில்’ அதே குடும்பத்துச் சொல். நம்முடைய ‘கிளம்பு’ என்பதற்கும் மேலே எழுவது என்ற பொருள் உண்டு. புழுதி கிளம்பியது, புகை கிளம்பியது என்கிறோம் அல்லவா? ஆக, ஸ்டார்ட்டும் கிளம்பும் ஏறக்குறைய உடன்பிறப்புகள். சென்ற நூற்றாண்டின் ஆங்கில நூல்களில் பயணிகள் விடியற்காலையில் ‘ஸ்டார்ட்’ ஆவதைப் பார்க்கலாம். நம் தாத்தாக்களுக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர்கள் அந்த வழக்கைத்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் இன்றைக்கு ஒருவர் வெறுமனே ‘ஐ ஹேவ் ஸ்டார்ட்டட்’ என்றால், கேட்பவர் அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பார். வேலையையா, சாப்பாட்டையா, கூட்டத்தையா? கிளம்பிவிட்டதைச் சொல்ல ‘ஐ ஹேவ் லெஃப்ட்’ என்றோ, ‘ஐ ஆம் ஆன் மை வே’ என்றோ சொல்வதுதான் இன்றைய வழக்கு.

இப்படி இரண்டு வரியில் பதில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் ‘லெஃப்ட்’ என்று எழுதியதும் எனக்கு வேறொரு நினைவு வந்துவிட்டது. இந்தச் சொற்களை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாததற்கு அதுதான் காரணம்.

கைப்பேசியில் குறுஞ்செய்தி மட்டுமே அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. நான் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் ஈப்போவில், அக்கா வீட்டில். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். இரண்டு நாள் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுவோம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை அக்காவிடமிருந்து செய்தி வந்தது. ஆங்கிலத்தில் மூன்றே சொற்கள்: “அப்பா லெஃப்ட் ஹாஸ்பிடல்.”

அப்பாடா என்று இருந்தது. “தேங்க் காட்” என்று பதில் போட்டேன். அக்காவை அழைத்தேன், எடுக்கவில்லை. அப்பாவைக் கவனிப்பதில் மும்முரமாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிட்டேன், கைப்பேசியை மின்னூட்டத்தில் போட்டேன், நிம்மதியாகத் தூங்கினேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு மாமா அழைத்தார். அக்காவின் கணவர். எடுத்த எடுப்பில், “தம்பி, எந்த இடத்தில வந்துக்கிட்டு இருக்கே?” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது. அப்பாவைக் காலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் குழப்பத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. மாலையில் மறுபடியும் வலி. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. ஆம்புலன்ஸ் பின்னால் காரில் போய்க்கொண்டே அக்கா தட்டிய செய்தி அது. அப்பா மருத்துவமனைக்குக் கிளம்பியாச்சு என்று அவள் சொல்கிறாள். அப்பா மருத்துவமனையிலிருந்து கிளம்பியாச்சு என்று நான் படித்திருக்கிறேன்.

இடையில் விட்டுப்போனது ஒரே ஒரு சொல். ‘லெஃப்ட் ஃபார் ஹாஸ்பிடல்’ என்று எழுதியிருந்தால் அன்றிரவே பேருந்து ஏறியிருப்பேன். 500 கிலோமீட்டருக்கு மேல் பயணம். நான் போய்ச் சேர்ந்தபோது மறுநாள் பிற்பகல் ஆகிவிட்டது. அப்பா பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் ஆறு ஆண்டுகள் இருந்தார். ஆனால் அந்த இரவில், கண்ணைத் திறந்தபோதெல்லாம், “தம்பி கிளம்பிட்டானா?” என்று கேட்டாராம். அம்மா ஒவ்வொரு தடவையும், “கிளம்பிட்டான், வந்துக்கிட்டே இருக்கான்” என்று சொல்லியிருக்கிறார். அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அக்காவின் ஆங்கிலத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பதறிய கையில் யாருக்கும் வரக்கூடிய பிழை அது. எதனால் வருகிறது என்று பார்ப்பதுதான் பயன்.

‘லீவ்’ என்ற சொல்லின் அடிப்படைப் பொருள், ஒன்றை இருந்த இடத்திலேயே விட்டுவைப்பது. நேற்று மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் ‘லெஃப்ட் ஓவர்’ என்கிறோமே, அதே லெஃப்ட்தான். எனவே அந்தச் சொல்லுக்கு அடுத்து நேரடியாக எது வருகிறதோ, அது பின்னால் தங்கிவிட்டது என்று பொருள். ‘லெஃப்ட் ஜொகூர்’ என்றால் ஜொகூர் உங்கள் முதுகுக்குப் பின்னால். ‘லெஃப்ட் ஃபார் ஜொகூர்’ என்றால் ஜொகூர் உங்கள் முன்னால். ஒரு ‘ஃபார்’ ஆளையே திருப்பி நிறுத்திவிடுகிறது.

தமிழில் இந்த ஆபத்து மிகக் குறைவு. ‘மருத்துவமனைக்குக் கிளம்பினார்’, ‘மருத்துவமனையிலிருந்து கிளம்பினார்’. திசையைச் சொல்லும் ‘க்கு’வும் ‘இலிருந்து’ம் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. எவ்வளவு அவசரத்திலும் அவை கழன்று விழுவதில்லை. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் சொல் தனியாக நிற்கிறது. சின்னஞ்சிறு சொல். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது அதுதான். தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும்போது, நம் மனம் ‘க்கு’ என்று சொல்லியிருக்கும். விரல் அதை எழுதியிருக்காது.

‘லீவ்’ இன்னும் சில இடங்களிலும் காலை வாரும். மாலை ஆறு மணிக்கு ‘ஐ ஹேவ் லெஃப்ட் த ஆபீஸ்’ என்றால் வீட்டுக்குப் போகிறீர்கள். ‘ஐ ஹேவ் லெஃப்ட் த கம்பெனி’ என்றால் வேலையையே விட்டுவிட்டீர்கள். ‘ஐ லெஃப்ட் மை வைஃப் அட் த எம்ஆர்டி ஸ்டேஷன்’ என்றால் மனைவியை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு வந்திருக்கிறீர்கள். ‘ஐ லெஃப்ட் மை வைஃப்’ என்று அதோடு நிறுத்தினால், கேட்பவர் உங்களுக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார்.

நாம் அலுவலகத்தில் எடுக்கும் ‘லீவு’ இதே சொல் அன்று. எழுத்து ஒன்றுதான், பிறப்பு வேறு. அந்த ‘லீவ்’ என்பதற்கு அனுமதி என்று பொருள். ஒருவரிடம் அனுமதி பெற்றுப் பிரிவதைத்தான் ‘டேக் லீவ்’ என்கிறார்கள். நம்முடைய ‘விடைபெறுதல்’ அப்படியே இதுதான். அங்கே விடை என்பதற்கு, போய் வர அனுமதி என்று பொருள்.

‘டிபார்ட்’ கொஞ்சம் விறைப்பான சொல். பிரிவது என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக வந்தது. விமானத்துக்கும் ரயிலுக்கும் அறிவிப்புப் பலகைக்கும் பொருந்தும். விமானச் சீட்டில் போட்டிருக்கும் ‘டிபார்ச்சர்’ நேரம், விமானம் நுழைவாயிலை விட்டு நகரும் நேரம். ஓடுபாதையிலிருந்து மேலே எழும்புவது ‘டேக் ஆஃப்’. அது அதற்குப் பிறகு. நுழைவாயிலோ முன்கூட்டியே மூடப்பட்டுவிடும். எனவே ‘டிபார்ச்சர்’ நேரத்துக்குப் போய் நின்றால் விமானத்தின் வாலைத்தான் பார்க்கலாம்.

மனிதர்களுக்கு இந்தச் சொல்லைப் போடும்போது கவனம் தேவை. ‘த டிபார்ட்டட்’ என்றால் ஆங்கிலத்தில் காலமானவர்கள். சித்தப்பா ஈப்போவிலிருந்து கிளம்பிவிட்டார் என்று சொல்ல நினைத்து, ‘சித்தப்பா ஹேஸ் டிபார்ட்டட்’ என்று மட்டும் அனுப்பினால் உறவுக்காரர்கள் மாலையோடு வந்து நிற்பார்கள். நம்மிலும் ‘போய்விட்டார்’ என்பதற்கு அந்தப் பொருள் இருப்பதால்தானே, வாசலில் நின்று ‘போறேன்’ என்று சொன்னால் பெரியவர்கள் அதட்டுகிறார்கள். ‘போயிட்டு வர்றேன்’ என்று சொன்னால்தான் அவர்களுக்கு மனம் ஆறும்.

‘செட் ஆஃப்’, ‘செட் அவுட்’ இரண்டும் பயணம் புறப்படுவதைச் சொல்பவை. இவை முன்னால் பார்க்கும் சொற்கள். ‘வீ செட் ஆஃப் அட் சிக்ஸ்’ என்றால் ஆறு மணிக்குப் பயணத்தைத் தொடங்கினோம். ‘செட் அவுட்’ என்பதில் ஒரு நோக்கமும் சேர்ந்துகொள்ளும். ஒன்றைச் சாதிக்கப் புறப்பட்டவரை, அவர் அதைச் செய்ய ‘செட் அவுட்’ ஆனார் என்பார்கள். ‘புறப்படு’ என்ற நம் சொல்லிலும் புறம், அதாவது வெளி, இருக்கிறது. ‘செட் ஆஃப்’புக்கு இன்னொரு வேலையும் உண்டு. சாம்பிராணிப் புகை வீட்டின் தீ எச்சரிக்கை மணியை அலற வைத்தால், அதுவும் ‘செட் ஆஃப்’தான்.

நண்பர்களோடு சாப்பிட்டு முடித்ததும், நம் ஊர்களில் ‘லெட்ஸ் மேக் எ மூவ்’ என்பார்கள். தயங்காமல் சொல்லலாம், நல்ல ஆங்கிலம்தான். ‘ஐ கோ ஃபர்ஸ்ட்’ என்பது நம் ஊர்ப் பேச்சு. மலாயிலும் சீனத்திலும் அப்படிச் சொல்வதால் இங்கே வேரூன்றிவிட்டது. காப்பிக் கடையில் அதற்கு ஒரு குறையும் இல்லை. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ‘ஐ ஷுட் பீ கோயிங்’ என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

இனி தொடங்குவதற்கு வருவோம். ‘ஸ்டார்ட்’, ‘பிகின்’ இரண்டையும் பல இடங்களில் மாற்றிப் போடலாம். மழை பெய்யத் தொடங்கியது என்பதற்கு இரண்டுமே சரி. ஆனால் காரையும் இயந்திரத்தையும் ‘ஸ்டார்ட்’ செய்யத்தான் முடியும், ‘பிகின்’ செய்ய முடியாது. சொந்தத் தொழில் தொடங்குவதற்கும், சண்டையை மூட்டிவிடுவதற்கும் ‘ஸ்டார்ட்’தான் இயல்பு. உரை, விழா, பாடம் என்று நிதானமாகத் தொடங்குபவற்றுக்கு ‘பிகின்’ பொருத்தமாக இருக்கும். ‘ஹேஸ் பிகேன்’ என்று எழுதாதீர்கள், ‘ஹேஸ் பிகன்’ என்பதே சரி. வேலைக்கான விண்ணப்பக் கடிதத்தில் இந்த ஓர் எழுத்துப் பளிச்சென்று கண்ணில் படும்.

‘கமென்ஸ்’ கோட்டும் சூட்டும் போட்ட சொல். வேலை நியமனக் கடிதத்திலும், மின்தூக்கிப் பராமரிப்பு அறிவிப்பிலும் அதைப் பார்க்கலாம். சட்டம் நடப்புக்கு வரும் நாளைக் குறிக்கவும் அதுதான். வீட்டில் ‘லெட் அஸ் கமென்ஸ் டின்னர்’ என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

வாசகிக்கு என் பதில் இதுதான். அடுத்த முறை மேலதிகாரி கேட்டால், ‘ஐ ஹேவ் ஜஸ்ட் லெஃப்ட் ஹோம், ஐ வில் பீ தேர் பை நைன்’ என்று சொல்லுங்கள். எங்கிருந்து கிளம்பினீர்கள், எப்போது வந்து சேர்வீர்கள் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்வதாக இருந்தால் ‘ஐ ஆம் லீவிங் நௌ’. அதுதான் உண்மையும்கூட.

வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு ஆகவில்லை, ஓர் அவசரம் என்றால் ஆங்கிலத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அக்கா இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எதையும் தமிழில்தான் எழுதுகிறாள். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. போன வாரம் அம்மாவை வழக்கமான கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது அவளிடமிருந்து வந்த செய்தி: “அம்மாவோட ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியாச்சு. சும்மா செக்கப்தான். நீ கிளம்ப வேண்டாம்.”