கம்பி வந்தால் போதுமா?



சென்னையிலிருந்து நம் புதுக்கோட்டை ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பேருந்தில் ஏழெட்டு மணி நேரம் ஆகும். அதே தொலைவை ஒளியிழை வழியாக ஒரு செய்தி எவ்வளவு நேரத்தில் கடக்கும்? கணக்கிட்டுப் பாருங்கள். வெற்றிடத்தில் ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5. ஆகவே இழைக்குள் ஒளியின் வேகம் நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர். அப்படியானால் 400 கிலோமீட்டரைக் கடக்க, ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு போதும்! நீங்கள் பாடத்தில் படித்த முழு அக எதிரொளிப்புதான் ஒளியை வெளியே சிதறவிடாமல் இழைக்குள்ளேயே கொண்டு செல்கிறது.

இத்தகைய இழையை ஊராட்சிதோறும் கொண்டு செல்வதே பாரத்நெட் திட்டம். 2011-இல் தேசிய ஒளியிழை வலையமைப்பு என்ற பெயரில் ஒப்புதல் பெற்ற திட்டம் இது. 2015 ஜூலை 1-ஆம் நாள் தொடங்கப்பட்ட டிஜிட்டல் இந்தியா திட்டம் மூன்று குறிக்கோள்களை முன்வைத்தது. ஒவ்வொரு குடிமகனுக்கும் இணைய வசதி. அரசுச் சேவைகள் கேட்டவுடன் கிடைப்பது. மக்கள் அவற்றைத் தாமே கையாளும் ஆற்றல் பெறுவது. இம்மூன்றில் எது முக்கியம்? மூன்றாவதே என்பது என் கருத்து.

ஏன் தெரியுமா? அண்மையில் ஒரு கணினி மையத்தில் ஒரு காட்சியைக் கண்டேன். வருமானச் சான்றிதழுக்காக வந்த அம்மா ஒருவர், தம் கைப்பேசியையே முன்பின் அறியாத இளைஞரிடம் நீட்டி, "நீங்களே பார்த்துப் போட்டுடுங்க தம்பி" என்றார். வந்த ரகசிய எண்ணையும் அவரே பார்த்துக்கொண்டார். அந்த இளைஞர் நல்லவர். ஆனால் எல்லோரும் அப்படியே இருப்பார்களா? அன்று கடிதம் எழுதவும் படிக்கவும் பிறரை நாடி நின்றோம். இன்று கைப்பேசியோடு நிற்கிறோம். வேறுபாடு என்ன?

இந்தக் குறையைப் போக்க 2017-இல் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் ஒன்று வந்தது. 14 முதல் 60 வயதுக்குட்பட்டோரில் வீட்டுக்கு ஒருவர் என 6 கோடிப் பேருக்கு, 20 மணி நேரப் பயிற்சி தருவது அதன் இலக்கு. 2024 மார்ச் மாதத்தோடு அது முடிந்தது. எண்ணிக்கையில் இலக்கையும் தாண்டியது. நல்ல முயற்சிதான். ஆனால் வீட்டுக்கு ஒருவர் என்றால், அந்த ஒருவர் யார்? அண்ணனா, அம்மாவா? வீட்டில் ஒருவருக்கு நீச்சல் தெரிந்தால் மற்றவர்கள் குளத்தில் இறங்க முடியுமா?

இதற்கு வழிகாட்ட நம் மாவட்டத்திலேயே ஒரு வரலாறு உண்டு. 1991-இல் இங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தோடு பெண்களுக்குச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்த இயக்கம் அது. ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். அப்போது நான் பள்ளிச் சிறுவன். என் அத்தை ஓட்டப் பழகியபோது கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவன். இரண்டு முறை விழுந்தார். மூன்றாம் நாள் நான் கையை எடுத்ததுகூடத் தெரியாமல் போய்க்கொண்டே இருந்தார். அதன் பிறகு சந்தைக்கோ மருத்துவமனைக்கோ போக அவர் யாரையும் எதிர்பார்க்கவில்லை.

சைக்கிளைக் கொடுப்பது மட்டும் அன்று குறிக்கோளாக இருந்திருந்தால், அது திண்ணையிலேயே சாய்ந்து கிடந்திருக்கும். இழைக்கும் இதே கதிதான்.

எனவே உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவோ பாட்டியோ கைப்பேசியை நீட்டினால், அதை வாங்கி அரை நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் விரலாலேயே செய்யச் சொல்லுங்கள். ரகசிய எண்ணை எவரிடமும் சொல்லக்கூடாது என்பதையும், அதற்கான காரணத்தையும் விளக்குங்கள். தவறினால் சலித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் எழுதப் பழகியபோது அவர்கள் சலித்துக்கொள்ளவில்லை அல்லவா?

சென்னையிலிருந்து ஊராட்சி அலுவலகம் வரை செய்தியை ஒளி கொண்டுவந்துவிடும். அங்கிருந்து உங்கள் வீட்டு அடுப்படி வரை உள்ள தூரத்தை நீங்கள்தாம் கடக்க வேண்டும்.